சத்தம் போடக் கூடாத கோல்

இன்று மலாயாவின் பாலோ ஊரில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் பந்தாட்டம்.

போன ஆட்டத்து அடிதடியில் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் செத்தே போனார்; வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் அவர் பேரையும் வெட்டியாயிற்று. அதனால் இந்த முறை யாரும் வாயே திறக்கக் கூடாது என்று துரைமார் உத்தரவு.

"கத்துனா செக்ரோல்ல பேரை வெட்டிடுவேன், அப்புறம் வேலை கெடையாது!" என்று கங்காணி மட்டும் கத்தினார்.

தூறலில் எல்லோரும் ஊமையாக நின்றோம். பக்கத்துத் தோட்டம் கோல் போட்டது. அப்போதும் ஒரு சத்தமில்லை.

திடீரென்று, ஆளில்லாத ரப்பர் மரங்களுக்குள் யாரோ கை தட்டுவது கேட்டது.

"ரப்பர் காய் வெடிக்குதுங்க," என்று காதோடு சொன்னார் பக்கத்தில் நின்ற மாரியப்பன்.

காய் வெயிலில்தானே வெடிக்கும்? இன்று காலையிலிருந்து மழை.

கங்காணி பிரம்பை ஓங்கிக்கொண்டு அந்தப் பக்கம் நாலடி போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

ஏற்கெனவே பேர் வெட்டப்பட்டவரை அவர் என்னதான் செய்வார்? நீங்களே சொல்லுங்கள்.