பைக்கிலிருந்து சுரண்டிய ஸ்டிக்கர்

டேவிட் அண்ணா! நீ ராணுவத்தில் இருந்த பெருமையில் நம் பைக்கில் ‘ஆர்மி’ ஸ்டிக்கர் ஒட்டினேன். கூட்டத்தைச் சுட மறுத்தாய் என்று உன்னை வீட்டுக்கு அனுப்பியதும், முடிச்சூரில் தெருவே பார்க்க அதைச் சுரண்டினேன்.

"இன்னாடா பண்றே?"

"பயந்தாங்கொள்ளி வூட்டுக்கு இது இன்னாத்துக்கு?"

"பயம் இல்லடா. எதிர்ல நம்ம ஜனங்க வெறுங்கையோட நின்னுகினு இருந்தாங்க. சுடச் சொன்னதே தப்பு."

நான் நம்பவில்லை. உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். இரண்டே மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

அடக்கத்துக்கு வந்த உன் கூட்டாளி அழுதுகொண்டே சொன்னார்: "தம்பி, உங்க அண்ணன் முடியாதுன்னு சொன்னப்புறம்தான் நாங்களும் துப்பாக்கிய இறக்குனோம். அன்னிக்கு ஒருத்தரும் சாகல."

உன் காலைப் பிடித்துக் கதறினேன். நீ எழுந்திருக்கவில்லை. இனி யாரிடம் மன்னிப்பு கேட்பேன்? படிக்கிற எல்லாரும் என் அண்ணனுக்காக ஜெபம் பண்ணுங்கள்.