செல்லம் வாசித்த பலகை

தமிழ் படித்த பிள்ளைகள் ஜப்பானிய எழுத்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்? வகுப்பில்தான் இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது. சண்டையால் கல்லூரி ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு, ஜப்பானியர் பிடித்துவைத்திருக்கும் பினாங்கில் பிள்ளைகளுக்கு ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சி தானாகத் தேடி வந்துவிட்டதென்று துள்ளினேன்.

சோதித்துப் பார்க்க, என் வகுப்பில் படிக்கும் ஏழு வயதுச் செல்லத்தைச் சூலியா தெருவுக்குக் கூட்டிப்போய் ஜப்பானியப் பலகைகளை வாசிக்கச் சொன்னேன். ஒரு கிடங்கு வாசலில் ஜப்பானியச் சிப்பாய் காவல் நின்றான். கட்டளைப்படி நான் குனிந்து வணங்கி நிமிர்வதற்குள், அவள் அங்கிருந்த பலகையை நோக்கி நடந்துவிட்டாள்.

“இது லேசுலா, சார்,” என்று உரக்க வாசித்தபடியே போனாள். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. கிட்டே வந்தால் சுடுவோம் என்பதுதான் அந்த வரி.

சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். அவள் வாசித்து முடித்து, பள்ளியில் தினமும் ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்குப் பார்த்துக் குனிவதுபோல அவன்முன் குனிந்தாள். அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி, போ என்று கையசைத்தான்.

“சரியா படிச்சேனா, சார்?”

“சரிதாம்மா,” என்றேன். அவள் கையைப் பிடித்து அங்கிருந்து கூட்டிவந்தேன்.

நான் இதுவரை சோதித்தது பிள்ளைகளின் வாயை மட்டும்தான். நாளை கரும்பலகையில் ‘நில்’, ‘வராதே’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி, யாரும் வாசிக்க வேண்டாம், செய்து காட்டுங்கள் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.