ஊருக்கு இன்னா சீக்கு

அம்மா பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வாள். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பாள். இறால் விரலில் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுவாள். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. எல்லாம் விரல்தான்.

நான் பொன்னேரியில் விலங்கியல் பட்டம் முடித்த வருடம், ஒரு நாள் அம்மா பாதிப் பறிகூட நிறையாமல் திரும்பி வந்தாள்.

"இறால் கையில பட்டா தெரிய மாட்டேங்குதுடி. மரத்துப் போச்சு" என்று விரல்களை நீட்டினாள். நுனிகளில் தோல் உரிந்து வெளிறிக் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற எங்கள் தெருப் பெண்ணுக்கும் அதே களிம்பு. பின்னால் நின்றவளுக்கும் அதேதான்.

அப்போது எனக்கு ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துக்குப் படகில் போய் வீடு வீடாகக் கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று படிவம் நீண்டுகொண்டே போகும். ஒரு வீட்டில் ஒருத்தி எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, புண் பிடித்த கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத்த எங்க எழுதுவ?"

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று விரலகலக் கட்டம் ஒன்று இருந்தது. அதில் எழுதினேன்.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பாளராகச் சென்னையிலிருந்து வந்த அக்கா என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். திரும்பும் படகில் அந்தக் கட்டத்தைக் காட்டி, இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டபோதுதான் இதற்கென்றே மேற்படிப்பு இருக்கிறது என்று சொன்னார். அந்த வாரம் முழுவதும் போனை வைத்துக்கொண்டு தேடினேன். நோய்ப்பரவலியல் என்று ஒன்று இருந்தது. யாருக்கு, எங்கே, எப்போதிலிருந்து நோய் வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் காரணத்தைத் தேடும் படிப்பு. பல இடங்களில் மருத்துவப் பட்டம் கேட்டார்கள். சில இடங்களில் அறிவியல் பட்டம் போதும், ஆனால் இரண்டு வருட அனுபவம் வேண்டும். இன்னொன்று சுற்றுச்சூழல் சுகாதாரம். தண்ணீரும் காற்றும் மண்ணும் உடம்பை என்ன செய்கின்றன என்று பார்ப்பது. அதற்கு என் விலங்கியல் போதுமாயிருந்தது. வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றும் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பக்கத்தை இரண்டு நாள் திறந்து திறந்து பார்த்தேன். பச்சைப் புல்வெளியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படம். பிறகு திறக்கவில்லை.

பெண்களை முதலில் எண்ணுவதா, தண்ணீரை முதலில் சோதிப்பதா? எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் கைக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

"டாக்டரு ஆவப்போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லமா. டாக்டரு ஒரு ஆளுக்கு இன்னா சீக்குன்னு பாப்பாரு. இது ஊருக்கு இன்னா சீக்குன்னு பாக்குறது."

"பாத்துட்டு?"

"எழுதணும்."

"எழுதிட்டு?"

நான் போனைத் திருப்பி வைத்தேன். அம்மா சிரித்துவிட்டு, "சரி, படி" என்றாள்.

சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். எந்தப் பிரச்சினையை ஆராய விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு நோட்டுடன் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எப்போதிலிருந்து மரத்துப் போகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள், குடிக்கிற தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினேன். படிவத்துக்காரர்களிடம் பேசாத பெண்கள் என்னிடம் பேசினார்கள். கைகளைப் படம் எடுக்கவும் விட்டார்கள்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். நடுவில் இருந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏரியில் இறங்காத பெண்களின் கைகளைப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "ஒப்பிட ஆள் இல்லாமல் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. போச்சு என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன். பத்து நாளில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

சந்தோஷத்தில் அந்தக் கணக்கெடுப்பு அக்காவுக்குக் கைகளின் படங்களை அனுப்பினேன். அவர் நல்லெண்ணத்தில்தான் தன் சமூக வலைப் பக்கத்தில் போட்டார், பெயர் எதுவும் இல்லாமல். அதை எடுத்து யாரோ ஒரு இணையச் சேனலில் வீடியோ ஆக்கிவிட்டார்கள். 'பழவேற்காடு இறாலில் விஷமா?' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே அம்மாவின் கை. சின்ன வயதில் அடுப்பில் சுட்ட தழும்பை வைத்து ஊரே அடையாளம் கண்டுகொண்டது.

அடுத்த நாள் வியாபாரியின் ஐஸ் வண்டி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிடித்த இறால் வெயிலில் சிவந்து நாறியது. நண்டைக்கூட யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நோட்டில் யார் யார் கையைப் பற்றி எழுதியிருந்தேனோ அவர்களேதான்.

"உன்ன நம்பித்தானேமே காட்டினோம்" என்றாள் சித்தி முறையுள்ள ஒருத்தி. "தண்ணி கெட்டதுன்னு எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எறங்குறோம். எறங்கலன்னா இன்னா துன்றது, நீ சொல்லு."

அம்மாவின் பறி வாசலில் காய்ந்து கிடந்தது. அவளைக் காலையில் ஏரிக்குத் தங்களோடு கூட்டிப்போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண்கள் அதே சேனல்காரனைக் கூப்பிட்டார்கள். என்னைப் படகுத்துறையில் நிற்கவைத்தார்கள். அம்மாவின் கை சோப்புத் தூளால் அப்படி ஆனது, ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நான் படிப்புக்காகத் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். குரல் நடுங்கியதால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது தடவை நன்றாகவே சொன்னேன். நோட்டைச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கிழிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரத்தில் ஐஸ் வண்டி வந்தது.

நான் சேரப் போகவில்லை. நிறுவனத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுத்து என்ன சொல்வது? எந்தக் கேள்விக்காக இடம் கொடுத்தார்களோ, அதற்கு ஊரறியப் பொய்யான பதில் சொன்னவள் நான். அந்த அக்கா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டுக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதற்கும் பதில் போடவில்லை. பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருகிறவர்களின் பெயர் எழுதும் வேலையில் சேர்ந்தேன்.

அம்மாவின் மரத்துப்போதல் மணிக்கட்டு வரை ஏறியது. ஏரிக்குப் போவது தானாக நின்றது. சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டுவதும் தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள். போன மாதம் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நரம்பு கெட்டிருக்கிறது, சர்க்கரை இல்லை, தொழுநோயும் இல்லை, காரணம் சொல்வது கஷ்டம் என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க ஊர்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

அந்தக் கேள்வியை ஒரு டாக்டர் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். யாருக்கும் இல்ல. எனக்கு மட்டுந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.