முப்பத்திரண்டு சதவீதக் காற்றுக்கு ஒரு சர்டிபிகேட்

காற்றை அடைத்து விற்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: சரக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதால், வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆறு மாதம், மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய ஓர் ஆக்ஸிஜன் நிரப்பும் கம்பெனியில் சோதனை மேஜையில் இருந்தேன். நிரப்பி வரும் சிலிண்டரில் மீட்டரை மாட்டி, எத்தனை சதவீதம் என்று பார்த்து, சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதன் கழுத்தில் கட்ட வேண்டும். கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்த பெண்ணுக்கு ஓசூரில் வேறு என்ன வேலை கிடைக்கும்? இங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

மே மாதக் கடைசியில் எங்கள் பேராசிரியரின் பவளப்பாறை ஆய்வுப் படகு கிளம்புவதாக இருந்தது. சாதாரண டைவிங் கார்டு என்னிடம் இருந்தது. இந்த முறை அது போதாது, செறிவூட்டிய காற்றில் மூழ்குவதற்கான கார்டும் வேண்டும் என்று கடிதம் வந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று. அதை முப்பத்திரண்டாக உயர்த்தி அடைத்தால் நைட்ரஜன் குறைகிறது. உடம்பில் நைட்ரஜன் சேர்வது தாமதமாகிறது. அடியில் கூடுதல் நேரம் இருக்கலாம். அந்தக் கார்டு இல்லாதவர்கள் படகிலேயே உட்கார்ந்து, மேலே வருகிறவர்கள் பார்த்ததை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். போன வருடம் அப்படி எழுதியவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெண்கள். அதில் நான் ஒருத்தி.

இந்த வருடம் எழுதுவதில்லை என்று முடிவு செய்து, எந்த கோர்ஸில் சேரலாம் என்று தேட ஆரம்பித்தேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லிப் பிழைத்த யாருக்கும் மீதிக் கதை சொல்லாமலே புரியும்.

ஜாஸ்தி போட்டால் ஜாஸ்தி

பாகலூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் வாரம் தவறாமல் வருவார். நான் என்ன படிக்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "ஆக்ஸிஜன் ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி ஆழம் போலாம், அதானே மேடம்" என்றார். இல்லை என்றேன். எனக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தத் தெரியாது. சாக்பீஸ் எடுத்துத் தரையில் கடலை வரைந்தேன். ஆழம் போகப் போக அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் ஆக்ஸிஜனே விஷமாகும், முப்பத்திரண்டு சதவீதத்தோடு முப்பத்து மூன்று மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, சாதாரணக் காற்றில்தான் அதைவிட ஆழம் போகலாம், இதில் கிடைப்பது நேரமே தவிர ஆழம் இல்லை என்று இருபது நிமிடம் விளக்கினேன்.

அவர் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டும் வரை பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "எல்லாம் சரிங்க மேடம். இருந்தாலும், ஜாஸ்தி போட்டா கொஞ்சமாச்சும் ஆழம் போலாமில்ல?"

மாங்காய் மண்டிக்காரர்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர், கல்லுக்குப் பதிலாக எங்கள் சிலிண்டரில் ஏதாவது வாயு இருக்கிறதா, அறைக்குள் திறந்துவிட்டால் ஒரே நாளில் மாங்காய் பழுக்குமா என்று விசாரிக்க வந்தார். கார்பைடுக் கல்லைத்தான் அவர்கள் கல் என்பார்கள். அந்தக் கல் வைத்துப் பழுக்க வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீ சொல்றது நாயந்தாம்மா" என்றார். விட்டுவிடுவார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரமும் அதே கேள்வியோடு வந்தார்.

பழகியபின் ஓர் உதவி கேட்டேன். பெங்களூரில் ஒரு டைவிங் கிளப் இந்த கோர்ஸ் நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய லாரி தினமும் பெங்களூர் போகிறது. விண்ணப்பத்தை வாங்கி வரச் சொன்னேன். வழவழப்பான காகிதத்தில் நீலக் கடலோடு வந்தது. முதல் வரியே 'இன்னும் ஆழம், இன்னும் நேரம்'. பாகலூர் ரோட்டுக்காரர்தான் எழுதிக் கொடுத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரே ஞாயிற்றுக்கிழமை, காலையில் போனால் மாலையில் கார்டு. பெரியவர் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"கல்லு வெச்சாக்கூட மாங்கா பழுக்க மூணு நாள் ஆவுதும்மா. ஒன்ன ஒரே நாள்ல பழுக்க வெச்சிருவாங்களாமா?"

கேள்வி கேட்காதவர்கள்

சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று பெங்களூருக்குப் பேசினேன். எடுத்தவர் ஆங்கிலத்தில் தொடங்கி, கன்னடத்துக்குப் போய், என் ஊர் ஓசூர் என்றதும் தமிழுக்கு வந்தார். சிலிண்டரில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று யார் சோதிப்பார்கள் என்று கேட்டேன். "நாங்களே பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துருவோம், நீங்க ஒண்ணும் யோசனை பண்ணாதீங்க" என்றார். ஸ்டிக்கரில் தப்பு இருந்தால்? இருக்காது. மீட்டரைக் கையில் எடுத்துப் பார்க்க மாணவர்களை விடுவீர்களா? அது எதற்கு? கூட அண்ணன், தம்பி யாராவது வருவார்களா? அது அவர் கேட்டது. அது எதற்கு என்று நான் கேட்டேன்.

பூத்தின் பில் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியாக அவர் பெருமூச்சு விட்டார். "மேடம், நம்ம கோர்ஸ்ல இது வரைக்கும் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்டதில்ல. எல்லாரும் பாஸ்."

பதினொன்று

இவ்வளவு பேசிய நான் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால், என்னைப் பற்றி ரொம்ப நல்லபடியாக நினைத்துவிட்டீர்கள். படகு கிளம்ப ஐந்து வாரம்தான் இருந்தது. நான் கடிதம் எழுதியிருந்த இன்னொரு இடம் கோவாவில். நான்கு நாள் கோர்ஸ். அங்கே தனியாகப் போக வீட்டில் விட மாட்டார்கள். அப்பாவின் ஓட்டு பெங்களூருக்கு: போன பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிடலாம். எப்படியோ கார்டு வந்தால் சரி என்று, ஒரு நாள் காலை சோதனை மேஜையிலேயே விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கையெழுத்து வேண்டும்: சோதித்தவர் என்று நான், நிரப்பியவர் என்று முனிராஜண்ணன். அன்று கிருஷ்ணகிரியில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் பதினொரு சிலிண்டர் போக வேண்டும். சோதிக்கும்போது சதவீதத்தை எழுதிக்கொள்ளலாம் என்று பதினொரு சீட்டிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, விண்ணப்பத்துக்குத் திரும்பினேன். 'உங்களுக்கு ஏன் இந்த கோர்ஸ்?' என்ற கட்டத்துக்கு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, முனிராஜண்ணன் வந்து சீட்டுகளை எடுத்துப் போனது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. நிமிர்ந்தபோது எதிரே மீட்டரின் ரப்பர் குழாய், முந்தைய நாள் மாலை நான் சுருட்டி வைத்தபடியே சுருண்டிருந்தது. லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஓடினேன். டிரைவர் கன்னடத்தில் திட்டத் திட்டப் பதினொன்றையும் இறக்க வைத்தேன். பத்து சரியாக இருந்தன. பதினொன்றாவதில் மீட்டர் முள் அறுபதைத் தாண்டவில்லை. பாதி நைட்ரஜனோடு எங்கிருந்தோ திரும்பி வந்த சிலிண்டர். காலி செய்யாமல் அதன் மேலேயே ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது. அதன் கழுத்துச் சீட்டில், சதவீதம் எழுத நான் விட்டிருந்த இடத்தில், முனிராஜண்ணனின் கையெழுத்தில் வழக்கமான தொண்ணூற்றொன்பது. கீழே எங்கள் இருவர் பெயரும். நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றோம். அண்ணன் என்னைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

"நீ கையெழுத்து போட்டுட்டியேன்னு நான் எழுதுனேன். நான் பாத்திருப்பேன்னு நீ வுட்டுட்டே. ரெண்டு பேரும் சேந்து யாரத்தாம்மா நம்புனோம்?"

முதல் நாள் தண்ணீர் கிடையாது

அன்று சாயந்திரம் விண்ணப்பத்தைக் கிழித்தேன். மறுநாள் அதே பூத்திலிருந்து கோவாவுக்குப் பேசினேன். எடுத்தவர் ஒரு பெண், அவர்தான் பயிற்சியாளர். அதே கேள்வியைக் கேட்டேன்: சிலிண்டரை யார் சோதிப்பார்கள்? அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும். "மூழ்கப் போவது யார்? நீங்கள்தானே? அப்புறம் இன்னொருவர் எதற்குச் சோதிக்க வேண்டும்?"

நானே மீட்டர் மாட்ட வேண்டும், நானே சதவீதத்தையும் அதற்கு எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பதையும் கணக்குப் போட்டு எழுத வேண்டும், அடுத்தவர் எழுதிய சீட்டோடு தண்ணீரில் கால் வைத்தால் அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவார். மே இரண்டாம் வாரம் ஓர் இடம் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். சனிக்கு இரண்டு நாள் இருந்தது. வருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்கவே இல்லை. அவர் கடைசியாக எச்சரித்தார்: "முதல் நாள் முழுக்க வெறும் கணக்கு. தண்ணீரே கிடையாது. அழுதுகொண்டு திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள்."

லீவு

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். பயண நாளையும் சேர்த்து ஆறு நாள் லீவுக்குக் காரணம் கேட்டார். ஆக்ஸிஜன் கலந்த காற்றைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றேன். ஜன்னல் வழியாக முற்றத்தில் வரிசையாக நின்ற முந்நூறு சிலிண்டர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நம்முளுது பத்தலீங்களா?"

அப்பாவின் கேஜ்

அப்பா ஒரு மொபெட் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். கெலமங்கலம் பக்கம் பிறர் நிலத்தில் பாடுபட்ட எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர். விவாதத்துக்கு நான் முழுத் தயாராக இருந்தேன். பெண்களைப் படகில் உட்கார வைப்பது, அண்ணன் தம்பி யார் வருவார் என்று கேட்பது, எல்லாவற்றையும் தலைப்பு வாரியாக எழுதி வைத்திருந்தேன். முதல் தலைப்பு முடிவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். லாரி விஷயத்தை முனிராஜண்ணன் டீக்கடையில் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"மெஷின்காரன் அளந்துட்டேன்னு சொன்னா நீங்க ஒத்துப்பீங்களாப்பா?" என்று கேட்டேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும், பாகத்தின் துளை சரியா என்று நுழைத்துப் பார்ப்பதற்கு. அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோவா எவ்வளவு தூரம், அந்தப் பயிற்சியாளர் பெண்தானே, நிச்சயமாகப் பெண்தானே என்று அப்பா இரண்டு முறை கேட்டார். நான் மூன்று முறை ஆமாம் என்றேன்.

"பெங்களூரு வேணாம். கோவாவுக்கே போ பாப்பா. அங்க எதாவது தப்பா தெரிஞ்சா அந்த லாரிய நிறுத்துனாப்பல கத்து. அது ஒனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல."

படகில்

முதல் நாள் கணக்கில் நான் அழவில்லை; கொஞ்சம் வாதம் செய்தேன், அவ்வளவுதான். கார்டு வந்தது. மே கடைசியில் படகு ஏறினேன். என் சீனியர் ஒருவர் என் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்து, "முப்பத்திரண்டு. நானே பார்த்துட்டேன், சீட்டும் எழுதிட்டேன், கிளம்பு" என்றார். நல்ல மனிதர், உதவிதான் செய்தார். அவர் எழுதிய சீட்டை அவிழ்த்து அவரிடமே கொடுத்துவிட்டு மீட்டரைக் கேட்டேன். படகில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குழாயை மாட்டினேன். முள் ஏறி, ஆடி, நின்றது. முப்பத்திரண்டு. பிசகே இல்லாமல் முப்பத்திரண்டு. ஆழத்தைக் கணக்குப் போட்டு, சீட்டில் எழுதி, என் கையெழுத்தை மட்டும் போட்டுக் கட்டினேன்.

"நான்தான் சொன்னேனே. ரெண்டு நிமிஷம் வேஸ்ட்" என்றார்.

நான் பதிலுக்கு வாதம் செய்யவில்லை, அதற்குள் வாயில் காற்றுக் குழாயைக் கவ்வியிருந்தேன். ஆனால் தண்ணீருக்கு அடியில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் தண்ணீருக்கு மேலே இரண்டு நிமிடம் எல்லாரையும் எரிச்சல்படுத்தியே தீர வேண்டும் என்பதுதான் நான் படித்த கோர்ஸின் மொத்தப் பாடம்.