மைத்துனன் இழுத்த இரண்டு லைன்

என் மனைவியின் தம்பிக்கு அவன் அப்பா வைத்த பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. வீட்டிலும் ஆபீசிலும் தெருவிலும் அவன் பெயர் எங்கேஜ். எப்போது கூப்பிட்டாலும் அவன் போன் எங்கேஜாக இருக்கும், அதனால் வந்த பெயர். ஐம்பத்திரண்டு வயதுக்கு ஒரு மனிதன் சம்பாதித்தது ஒரு பட்டப்பெயர் மட்டும்தான் என்றால் அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் எழுதுகிறவன் யார் என்று தெரிய வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பதினான்கு வயதில் டெலிபோன் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டினேன். இடுப்பளவு ஆழம், கையில் கடப்பாரை, தலையில் வெயில். பிறகு ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கிரீஸ் டப்பா தூக்கினேன். அவர் கையைப் பார்த்தே வேலையைக் கற்றேன். இன்று இந்த ஊரில் முந்நூற்று நாற்பது லிஃப்டுகள் என் ஆட்கள் கை பட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. என் ஆபீஸ் இருக்கும் தெருவில் கேபிள் பள்ளம் வெட்டியவனும் நான்தான். வெட்டிய தெருவிலேயே மூன்று மாடிக் கட்டடம் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எங்கேஜ் என் வீட்டுக்கு வந்தது ஒரு பச்சை டிரங்குப் பெட்டியோடு. "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்றான். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவன் என்பதால் மண்வெட்டி பிடிக்கக் கை கூசும். உட்கார்ந்தே முன்னுக்கு வர வேண்டும். பேஜர் விற்க ஏஜென்சி எடுத்தான். அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிய மாசமே ஊரில் செல்போன் வந்துவிட்டது. அந்தப் பேஜர்களை வைத்துத்தான் என் பேரக்குழந்தைகள் ரொம்ப நாள் ரயில் ஓட்டி விளையாடின. அடுத்தது டெலிபோன் பூத். வாடிக்கையாளர்கள் வெளியே வரிசையில் நிற்பார்கள், முதலாளி உள்ளே தன் சிநேகிதனோடு பேசிக்கொண்டிருப்பான். எங்கேஜ் என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. பூத்தை மூடிவிட்டு இன்டர்நெட் கடை வைத்தான். ஆறு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து நூல் மாதிரி ஒரே ஒரு லைன். ஒருவன் படம் திறந்தால் மற்ற ஐந்து பேரும் கொட்டாவி விட வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்திலாவது ஒழுங்காக இருந்தானா? பெண் வந்து உட்காரும் நேரம் பார்த்து இவனுக்குப் போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனவன் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். அதற்குள் பெண் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அதோடு கல்யாணப் பேச்சும் போயிற்று.

கடைசியில் என் மனைவி அழுது, நான் அவனை ஆபீசில் போன் எடுக்க உட்கார வைத்தேன். பேசுகிற வாய்க்குப் பேசுகிற வேலை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு எங்கள் ஆபீசுக்கு வரும். இவன் எடுத்து, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அதையும் இவன் "பயப்படாதீங்க, எந்த ஊர் நீங்க, உங்க மாமனார் யாரு" என்று கால் மணி நேரம் இழுப்பான்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று புது நிபந்தனை போட்டது. அவர்களிடம் பதினெட்டு லிஃப்ட், என் தொழிலுக்கே முதுகெலும்பு. லிஃப்டிலிருந்து வரும் எந்த அழைப்பையும் அரை நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அவர்கள் இன்ஜினியர் ஏதாவது ஒரு லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்திப் பார்ப்பார். எடுத்தால் ஒப்பந்தம் நீடிக்கும். எடுக்காவிட்டால் பதினெட்டும் வேறு கம்பெனிக்கு.

எங்கேஜுக்குச் சாமி வந்துவிட்டது. "அத்தான், இந்தப் பழைய செம்புக் கம்பி லைனையெல்லாம் தூக்கிடுவோம். எல்லாப் போனையும் இன்டர்நெட்டுக்கு மாத்திடலாம். நம்ம நம்பர் லைன் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கும். ஒரே நேரத்துல பத்து கால் வந்தாலும் வாங்கும்."

"லைன் அறுந்தா?"

"அதுக்குத்தான் ரெண்டு கம்பெனிக்கிட்ட வாங்குறோம். ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்."

மறுநாள் டை கட்டிய ஒருத்தனைக் கூட்டிவந்தான். அவன் வழவழப்பான காகிதம் ஒன்றை நீட்டினான்.

"வேகம் நூறு எம்பி வரைக்கும் வரும் சார்."

"வரைக்கும்னா?"

"மேக்சிமம் சார்."

"கம்மியா எவ்வளவு வரும்?"

அவன் எங்கேஜைப் பார்த்தான். எங்கேஜ் காகிதத்தைப் பார்த்தான். "அது ஏரியாவைப் பொறுத்து சார்."

"எட்டாவது மாடி வரைக்கும் போகும்னு லிஃப்ட் மாட்டிக் குடுத்து, அது அஞ்சாவதுல நின்னா, ஏரியாவைப் பொறுத்துன்னு நான் சொல்லலாமா தம்பி?"

டை கொஞ்சம் தளர்ந்தது. பிறகுதான் வாயிலிருந்து உண்மை வந்தது. மலிவான லைன் என்பது தெருவே ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்கிற கதை. பக்கத்து வீட்டுக்காரன் குடத்தை வைத்தால் நமக்குச் சொட்டும். லீஸ்டு லைன் என்பது நமக்கென்று தனியாகப் போட்ட குழாய். சொன்ன அளவு வரும், வராவிட்டால் கேட்க எழுத்து இருக்கிறது. இன்னொரு சூட்சுமம், வருகிற வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், போகிற வேகத்தைப் பொடி எழுத்தில் போடுவார்கள். போனில் நாம் பேசுவது வெளியே போக வேண்டாமா? லீஸ்டு லைனில் இரண்டும் ஒன்று. படித்த மைத்துனன் இதில் ஒன்றைக்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்காரன் கேட்டேன்.

ஒரு கம்பெனியிடம் லீஸ்டு லைன், இன்னொன்றிடம் மலிவான லைன் என்று முடிவாயிற்று. "மூணாவதா மொட்டை மாடியில ஒரு ரேடியோ டிஷ் வெச்சா நல்லது அத்தான். அது காத்துல வர்றது, கம்பியே வேண்டாம்" என்றான்.

"காத்துல வர்றது உன் பேச்சு ஒண்ணு போதும்" என்றேன்.

லைன் இழுக்கிற நாளில் நான் வாசலில் நின்றேன். காலையில் ஒரு கம்பெனி ஆட்கள் வந்து எங்கள் கேட்டுக்கு எதிரே உள்ள குழியின் மூடியைத் திறந்து கேபிளை இறக்கினார்கள். மத்தியானம் இன்னொரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அதே மூடி, அதே குழி, அதே குழாய். கம்பெனி இரண்டு, பாதை ஒன்று. எங்கேஜ் உள்ளே ஏ.சி.யில் உட்கார்ந்து இரண்டு பில்லையும் ஃபைலில் கோத்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து தலையைக் குனிந்து ஒரு குழியைப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பழைய செம்பு லைனில் ஒன்றை நான் வெட்டாமல் வைத்திருந்தேன். ஸ்டோர் ரூமில் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் அந்தப் போன் இருந்தது. நம் கட்டடத்தில் கரண்டு போனாலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கரண்டில் வேலை செய்யும். ஆஸ்பத்திரி லிஃப்டுகளில் முதல் நம்பர் கிடைக்காவிட்டால் இரண்டாவதாக அதற்கு அடிக்கும்படி என் ஆளை வைத்து மாற்றியும் விட்டேன். இவன் லைன் இரண்டும் செத்து நிற்கும்போது என் லைன் ஒன்று அடிக்கும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

சோதனை வாரம் தொடங்கிய காலை சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டேன். "ஒரு கால் தவறட்டும், உன் பச்சைப் பெட்டி வாசல்ல இருக்கும்."

"என்னங்க, காலங்காத்தால..." என்றாள் என் மனைவி.

"பெட்டியைத் தொடச்சு வை" என்றேன். எங்கேஜ் சாப்பாட்டைப் பாதியில் விட்டான். தட்டிலேயே கை கழுவினான். அவனுக்குப் போக வேறு வீடு கிடையாது. அது எனக்கும் தெரியும், அவன் அக்காவுக்கும் தெரியும்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு, சாக்கடை போட வந்த ஜே.சி.பி. எங்கள் கேட்டுக்கு எதிரே வாளியை இறக்கியது. தூக்கியபோது வாளியின் பல்லில் மஞ்சளும் கறுப்புமாக வயர்கள் குடல் மாதிரி தொங்கின. ஆபீசில் இருந்த இன்டர்நெட் பெட்டிகளில் பச்சை விளக்குகள் வரிசையாகச் சிவந்தன. மேஜைப் போன்கள் எல்லாம் ஊமை.

எங்கேஜ் வாசலுக்கு ஓடினான், குழியைப் பார்த்தான், திரும்பி வந்தான். "ரெண்டுமே ஒரே குழாயில... அத்தான், ரெண்டுமே..."

"உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் அவனை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனேன். கயிற்றுச் சுருளை நகர்த்திப் போனைக் காட்டினேன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஒரு சத்தம் இல்லை. தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தச் செம்புக் கம்பி கம்பத்தில் வந்து கொண்டிருந்தது என்னவோ உண்மை. பத்து வருஷத்துக்கு முன்பு கம்பத்தைப் பிடுங்கி, கம்பியை மண்ணுக்குள் இறக்கினார்கள். வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தவன் நான்தான். இறக்கியது அதே குழியில். பதினான்கு வயதில் நான் வெட்டிய பள்ளம். மூன்று லைனும் அதில்தான் கிடந்திருக்கிறது.

எங்கேஜ் என் கையிலிருந்த ரிசீவரையும் என் முகத்தையும் பார்த்தான். சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"நம்பர் இங்க இல்ல அத்தான். லைன் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கு. இங்க அறுந்தா என்ன, அங்க திருப்பி விடலாம்." கட்டை விரலால் எதையோ தட்டினான். இரண்டு தடவை கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டான். மூன்றாவது தடவை திறந்தது. "ஆபீசுக்கு வர்ற எல்லாக் காலும் இனிமே என் செல்லுக்கு வரும்."

"உன் செல்லுக்கா?" என்றேன். எப்போது அடித்தாலும் எங்கேஜாக இருக்கிற செல்.

அவனுக்கும் அது தெரிந்திருந்தது. அந்தப் போன் ஒரு நேரத்தில் ஒரு அழைப்பைத்தான் வாங்கும். அவன் பேசிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிடைப்பது எங்கேஜ் சத்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சிநேகிதன் ஒருவன் அடித்தான், வெட்டினான். இன்னொருவன் அடித்தான், வெட்டினான். ஏதோ நல்ல செய்தியாக இருக்க வேண்டும், மூன்றாவதாக ஒருவன் நாலு தடவை அடித்தான். நாலு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் வாய் மூடி இருந்து நான் பார்த்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிஷத்தில் ஒரு அழைப்பு. சோதனை இல்லை, நிஜம். ஏதோ குடியிருப்பில் ஒரு அம்மா நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறாள். "பயப்படாதீங்கம்மா, ஆள் பக்கத்துலதான் இருக்கான், பத்து நிமிஷம்" என்றான். வைத்துவிட்டான். மாமனார் ஊர் கேட்கவில்லை. மெக்கானிக்குக்குச் செய்தியைத் தட்டி அனுப்பிக் கையை எடுக்கவில்லை, மறுபடி அடித்தது. ஒரு மணிதான் அடித்தது.

"வணக்கம், லிஃப்ட் சர்வீஸ். எந்தக் கட்டடம் சொல்லுங்க?"

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல். எங்கேஜ் காது கொடுத்துக் கேட்டான், "சரிங்க சார், நன்றிங்க சார்" என்றான், வைத்தான். "இன்ஜினியர். அஞ்சு செகண்ட்ல எடுத்துட்டீங்கன்னார்" என்றான். பிறகு என் ஸ்டோர் ரூமில், என் கயிற்றுச் சுருள் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பதினெட்டு லிஃப்டும் எங்களிடமே இருக்கின்றன. மறு வாரமே மொட்டை மாடியில் ரேடியோ டிஷ் ஏறியது. இடத்தைக் காட்டி மாட்டச் சொன்னவன் நான். தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கம்பெனி பெயரைப் படிக்காதீர்கள், வாசலுக்குப் போய் எந்தக் குழியில் இறங்குகிறது என்று பாருங்கள். எங்கேஜ் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

இதற்காக அவனை நான் பெரிய ஆளாக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். குழியை எட்டிப் பார்க்காதவன், பார்க்காதவன்தான். அவன் ஏற்பாடு செய்தது பாதி, அதிர்ஷ்டத்தில் தப்பித்தது பாதி. சோதனைக்கு மறுநாள் காலையே ஆபீசில் பழையபடி யாரோ ஒருவரின் மாமனார் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள், "பெட்டியைத் தொடச்சு வெச்சிருக்கேன். என்ன பண்ணட்டும்?"

"பரண்ல ஏத்து."

அவனிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் போன் போட்டேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் எங்கேஜ்.