கடைசி இருக்கையில் ஒரு தலை

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கு நடந்தது. பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியில் தலைகளை எண்ணுவேன். முகம் பார்ப்பதில்லை, தலை மட்டும்தான். எண்ணிக்கை சரியாக இருந்தால் சாவியைத் திருப்புவேன். ஒரு பிள்ளையைக்கூட எங்கும் விட்டு வந்ததில்லை என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்தச் சனிக்கிழமை அதே வேனில் குடும்பத்தோடு வனவிலங்குப் பூங்காவுக்குப் போனோம். நான், மனைவி, மச்சினன், ஆறு வயது மகள். மகள் சரியான வாயாடி. தூக்கத்தில்கூட அவள் வாய் ஓயாது. வாசலில் காவலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து எங்களை எண்ணினார்.

"மிருகம் சுத்துற இடம் சார். உள்ள போறவங்க, வெளிய வர்றவங்க, எல்லாரையும் எண்ணிக்குவோம்."

நம்மைப் போல ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரடி, ஓநாய் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனோம். எங்கெங்கோ இருந்த பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடைசி வீட்டில் நின்றபோது மூடும் மணி அடித்தது. 5.35. ஆறரைக்கு அந்த வீடுகளைச் சுற்றியுள்ள திடலில் காட்டெருமைகளை மேய விடுவார்களாம். நான் முன்னால் ஓடி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பக்கத்தில் மனைவி. கண்ணாடியில், நடு இருக்கையில் மச்சினன். அவனுக்குப் பின்னால், கடைசி இருக்கையில் ஒரு சின்னத் தலை. என்னோடு நாலு. கிளம்பினேன்.

வாசலில் காவலரும் எண்ணிவிட்டுக் கையசைத்தார். 5.50.

கொஞ்ச தூரத்தில் வண்டிக்குள் புகை வாடை அடித்தது. விறகுப் புகை.

"டேய், எதையாவது கொளுத்தினியா?"

"தூங்கிட்டிருந்தேன் மாமா."

மகள் பேசவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. தண்ணீர் கேட்கவில்லை. வீடு எப்போது வரும் என்று கேட்கவில்லை.

ஒரு வேகத்தடை. மச்சினன் தலை குலுங்கியது. பின்னால் இருந்த தலை அசையவே இல்லை...

"பாப்பா, தூங்கிட்டியா?"

குரலை உயர்த்தினேன்.

"பெல்ட் போட்டியா?"

க்ளிக்.

 அவளுக்கு பெல்ட் மாட்டத் தெரியாது. எப்போதும் நான்தான் மாட்டிவிடுவேன்.

ஓரம் கட்டினேன். 6.04.

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா எங்க?"

"பின்னாடிதான்."

"பின்னாடி யாருமில்லைங்க..."

"உன்கூடத்தானேக்கா வந்தா?" என்றான் மச்சினன்.

"உன் கையைத்தானேடா பிடிச்சிருந்தா..."

இருக்கை காலி. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

வண்டியைத் திருப்பினேன். ஆறரை... காட்டெருமை... என் மண்டைக்குள் வேறு எதுவும் இல்லை.

6.17. வாசல். காவலர் முகம் வெளுத்தது.

"நாலு பேர எண்ணித்தானே சார் அனுப்பினேன்?"

வாக்கிடாக்கியில் கத்தினார்.

6.23. கடைசி வீடு. வெளியே பூட்டு. சாவியோடு ஓர் ஊழியர் ஓடி வந்தார்.

உள்ளே பேச்சுக் குரல்.

என் மகளின் குரல்.

அவள் அழவில்லை. அணைந்த அடுப்பருகே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை யாரும்மா இங்க உக்காரச் சொன்னது?"

"அந்த அக்கா. கொஞ்ச நேரம் உன் இடத்துல நான் உக்காந்து பாக்குறேன்னாங்க."

அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். வாய்விட்டு அழுதேன். மனைவி மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து, மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். அந்த முறை நான் எண்ணவில்லை. பிள்ளை கையில் இருக்கிறாள், அது போதும் என்று இருந்தது.

மறுநாள் காலை 9.10. காவலர் போன் செய்தார். முந்தைய நாள் என் எண்ணை வாங்கி வைத்திருந்தார்.

"பாப்பா நல்லா இருக்காளா சார்?"

"இருக்கா."

"தப்பா நினைக்காதீங்க. ரெண்டாவது தடவை நீங்க வெளிய போனப்பவும் எண்ணினேன். பழக்கம். அஞ்சு வந்துச்சு."

போனோடு வாசலுக்கு வந்தேன்.

"பாப்பா அம்மா மடியில. உங்க மச்சினர் பக்கத்துல. அப்ப கடைசி சீட்டுல இருந்தது யாரு சார்?"

இதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதே வேனில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.