மோட்டாரை நிறுத்தினால் எலும்பு தெரியும்

மாட்டு வைத்தியத்தில் நோயாளி வாயே திறக்காது. கூட வந்தவர் வாயே மூடமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எண்பதுகளில் நான் தருமபுரி மாவட்டத்தில், மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்துப் போகவேண்டிய ஓர் ஊரில் கால்நடை டாக்டராக இருந்தேன். ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் தரப்போகிறார்களாம். எது வேண்டும் என்று மார்ச் முடிவதற்குள் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்து எழுதவேண்டுமாம். தவறினால் மெஷின் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுமாம். அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கப் பாடுபட்டவர்களுக்கு என் நிலைமை புரியும். இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு ஏன் அத்தனை ஆசை

முந்தின வருஷம் ஒரு கறவை மாடு நொண்டிக்கொண்டு வந்தது. தடவிப் பார்த்துவிட்டு, சுளுக்கு என்றேன். மெதுவாக நடக்க விடுங்கள் என்று யோசனை வேறு சொன்னேன். உள்ளே எலும்பில் விரிசல் இருந்திருக்கிறது. நாலாம் நாள் அது முழுசாக முறிந்தது. மாடு அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மாட்டுக்காரம்மா என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உள்ள இருக்கறதப் பாக்காமயே எப்பிடிங்க டாக்டரம்மா சொன்னீங்க?"

கேட்லாக்கில் படுத்திருந்த நாய்

முதலில் வந்தவர் மெட்ராஸ் கம்பெனிக்காரர். டை கட்டியிருந்தார். அவர் விரித்த கேட்லாக்கில் பளபளவென்று ஒரு ஸ்டீல் மேசை. அதன்மேல் கூரையிலிருந்து தொங்கும் ராட்சச மெஷின். மேசையில் ஒரு வெளிநாட்டு நாய் போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகப் படுத்திருந்தது. "மாட்டுக்கு?" என்று கேட்டேன். "அதே டேபிள்தான் மேடம். பேஷன்ட்டைக் கொஞ்சம் அமைதியாப் படுக்க வச்சாப் போதும்" என்றார்.

அதே நேரம் வாசலில் எங்கள் பேஷன்ட் ஒருவர் கயிற்றை அறுத்துக்கொண்டு, அவருடைய சூட்கேஸை மிதித்துவிட்டு, எதிரே இருந்த சைக்கிள் கடைக்குள் புகுந்தார். கம்பவுண்டர் ரஹீம் பாய் கேட்லாக்கை மரியாதையாக மூடி அவர் கையில் கொடுத்தார். "சார், எங்க பேஷன்ட்ட மேச மேல ஏத்தறத விட, மேசையத் தூக்கி பேஷன்ட் மேல வெக்கறது சுலபங்க."

சந்தைக்குத் தெரிந்துவிட்டது

காரிமங்கலம் சந்தையில் பாய் யாரிடமோ வாயை விட்டார். அவ்வளவுதான். மெஷின் வருவதற்கு முன்னாலேயே கூட்டம் வந்துவிட்டது. ஓர் ஆட்டு வியாபாரி, வாங்கப்போகும் ஆட்டின் வயிற்றில் எத்தனை குட்டி என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். இன்னொருவருக்கு, கோழி விழுங்கிய மூக்குத்தி எந்தக் கோழியிடம் இருக்கிறது என்று தெரியவேண்டும். மொத்தம் பதினோரு கோழிகளையும் கூடையோடு கொண்டுவந்திருந்தார்.

மூட்டு வலிக்காரர் ஒருவரிடம், இது மாடுகளுக்கு மட்டும்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் விடவில்லை. "மாட்டுக்கு எடுக்கறப்ப நானும் ஓரமா நின்னுக்கறேங்க, எம் முட்டியும் கூடவே படத்துல வுழுந்துட்டுப் போவுது."

வெளுத்துப்போன பிலிம்

மார்ச் கடைசியில், சேலத்துக் கம்பெனிக்காரர் சின்ன மெஷின் ஒன்றை பஸ்ஸில் மடிமேல் வைத்தே கொண்டுவந்தார். தூக்கிக்கொண்டு மாட்டிடமே போகலாம்! எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. சோதித்துப் பார்க்க மூன்று பிலிம் வைத்திருந்தார்.

அன்றைக்குத்தான் இண்டூர் மாதையன் தன் செவலைக் காளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முன்னங்கால் வீங்கி, எங்கே தொட்டாலும் உதைத்தது. எலும்பு முறிவாக இருந்தால் அடிமாட்டுக்குத்தான். தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிவிட்டால் அப்புறம் மாற்றமுடியாது. தடவிப் பார்த்த என் கை, இது முறிவு என்றுதான் சொன்னது. ஆனால் போன வருஷத்துக்குப் பிறகு என் கையை நானே நம்புவதில்லை.

முதல் படம் எடுத்து, தீவன அறையின் ஜன்னலில் சாக்கை அடைத்து இருட்டாக்கி, கழுவிப் பார்த்தோம். பிலிம் வெளுத்துக் கிடந்தது. கரண்டில் வலு இல்லை. சுற்று வட்டாரத்தில் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடும் நேரம் அது. முறை வைத்து வரும் கரண்டை யார் விடுவார்கள்? மாதையன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மோட்டாராக ஓய்ந்தது. அத்தனை பேரும் மண்வெட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் சொன்னார்: "சீக்கிரம் எடுங்க டாக்டரம்மா, மொளகாச் செடி பாதித் தண்ணியில நிக்குது."

ஈயச் சட்டை

எக்ஸ்ரே கதிர் மேலே படாமலிருக்க, மாட்டைப் பிடிப்பவர் போட்டுக்கொள்ள ஈயம் வைத்த சட்டை ஒன்று இருந்தது. மாதையனுக்கு மாட்டிவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து, நானும் சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன். கரண்ட் அருமையாக இருந்தது. பிலிம் முன்னைவிட வெளுப்பு!

சேலத்துக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியே வந்து பார்த்தால், ஈயச் சட்டை செவலையின் முன்னங்காலில் சுற்றிக்கிடக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏனய்யா இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். மாதையன் அசையவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க, அடிபட்ட கால்ல அந்த வெளிச்சம் பட்டு இன்னும் கெட்டுப் போச்சின்னா?"

மூன்றாவது பிலிம்

இருந்தது ஒன்றே ஒன்று. சட்டையை நானே அவருக்குப் போட்டு முடிச்சுப் போட்டேன். சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன். ஈரம் சொட்டச் சொட்ட பிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். எலும்பு முழுசாக இருந்தது! ஒரு கீறல்கூட இல்லை. குளம்புக்குள்ளே மட்டும் குச்சி மாதிரி வெள்ளையாக ஏதோ குத்திக்கொண்டு நின்றது. லாடம் கழன்றபோது உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்ட ஆணி.

ரஹீம் பாய் மாட்டைப் படுக்கவைத்துக் கட்ட, நான் குளம்பைச் செதுக்கி ஆணியை இழுத்தேன். சீழ் பீச்சியது. செவலை கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு எழுந்து, அந்தக் காலை மெதுவாக ஊன்றியது. மாதையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், டாக்டர் அழக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சின்ன மெஷினே போதும் என்று அன்றைக்கே எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கிணற்றுக்காரர்கள் மட்டும் நகரவில்லை, பிலிமைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துவிட்டு, அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இனிமே எந்த மாடு நொண்டுனாலும் எங்க மோட்டார்தான் நிக்கோணுங்களா?"

எக்ஸ்ரே மெஷின் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்துக் கிணற்றுக்காரர்களோடு மட்டும் சண்டை போட்டுக்கொள்ளக்கூடாது.